உங்க வீட்டுக்கு எஃப்.சி. இருக்கா?

எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ஏழைக்கு யோசனை வருவதே ஆபத்து. அதுவும் வீடு பற்றிய யோசனை என்றால் குடும்பத்தோடு ஆபத்து.

செல்போனில் யாரோ அனுப்பிய படம்தான் காரணம். ஓர் ஆட்டோவின் முதுகில் வீடு. படுக்க இடம், சமைக்க மேடை, குளியலறை, கழிப்பறை, ஏறி உட்கார மொட்டைமாடி. 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. 600 வாட் சோலார் தகடு. அத்தனையும் ஆறுக்கு ஆறு, 36 சதுர அடிக்குள். செலவு ஒரு லட்சம். கட்டியவர் வெள்ளைக்காரர் இல்லை. நம்ம பரமத்தி வேலூர்க்காரர், அருண் பிரபு என்ற கட்டடக் கலைஞர். 2019-ல் பழைய ஆட்டோவையும் காயலாங்கடைச் சாமான்களையும் வைத்துக் கட்டினார். 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்து ட்விட்டரில் வியந்தார். இதையே பொலிரோ பிக்கப் மேல் கட்டித் தர முடியுமா என்றும் கேட்டார். நாடே கைதட்டியது. கைதட்டியவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தட்டினார்கள்.

நம்ம ஆட்டோக்காரர் கைதட்டவில்லை. கணக்குப் போட்டார்.

“ஏனுங்க்ணா, ஆட்டோ எங்கிட்ட இருக்குது. அப்ப பாதி வீடு ரெடியாயிருச்சுங்களே?”

மீதிப் பாதிக்குக் கடன் கேட்க அவரோடு நானும் ஒரு வங்கிக்குப் போனேன். படித்தவன் கூட வந்தால் மரியாதை கிடைக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. வங்கி கெடுத்தது. எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் அதே ஏசி, அதே டோக்கன், அதே “சார் மீட்டிங்ல இருக்கார்”.

சார் மீட்டிங்கிலிருந்து வந்தார். சின்ன வயசு. மரியாதையாகத்தான் கேட்டார்.

“வீட்டுக் கடனா, வண்டிக் கடனா?”

“வீடுங்க சார். வண்டி மேல.”

“வீடுன்னா தாய்ப் பத்திரம் வேணும். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கணும். பட்டா, பிளான் அப்ரூவல் எல்லாம் வேணும்.”

“வண்டிங்க சார். ஆர்.சி. புக்கு இருக்குது.”

“அப்ப அந்த கவுன்ட்டருக்குப் போங்க.”

அந்த கவுன்ட்டரில் ஓர் அம்மா. படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். “இது வீடாட்ட இருக்குது?” என்றார். ஆமாங்க என்றார் இவர். “வண்டியை இப்படி மாத்துனா ஆர்.சி. செல்லாதுங்க. தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்ட முடியாது. எஃப்.சி. இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு லோன் இல்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: “உங்க வீட்டுக்கு எஃப்.சி. இருக்கா?”

சிரிக்காதீர்கள். அந்த அம்மா சொன்னது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரிதான். முச்சக்கர வண்டி மேல் மொட்டைமாடி கட்டிக்கொண்டு கோவை காந்திபுரம் பாலத்தில் ஏறினால் நானே பயப்படுவேன்.

ஆனால் முதல் கவுன்ட்டரின் சட்டத்தைப் பாருங்கள். சட்டத்துக்குச் சொத்து இரண்டு வகை. அசையும் சொத்து, அசையாச் சொத்து. வீட்டுக் கடனுக்கு அடமானம் அசையாச் சொத்தாக இருக்க வேண்டும். டியூ தவறினால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி கோர்ட் படி ஏறாமலே வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வீடு ஓடிவிட்டால் எப்படி எடுப்பது? அதுதான் வங்கியின் கவலையாம். ஓடும் வண்டியைப் பிடிக்க இந்த ஊரில் ஆளா இல்லை? ரெண்டு டியூ தவறிய டாடா ஏஸை நடுராத்திரி அவிநாசி ரோட்டில் மடக்கிச் சாவியைப் பிடுங்கும் சீசிங் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் திறமைக்கு ஒலிம்பிக்கில் இன்னும் பிரிவு வைக்கவில்லை.

சிபில் பார்த்தார்கள். மனுஷன் வாழ்நாளில் வங்கிக் கடன் வாங்கியதில்லை. பெண்டாட்டி நகையை விற்று ரொக்கத்துக்கு ஆட்டோ எடுத்தவர். யாருக்கும் பத்துப் பைசா பாக்கியில்லாத அந்த மனிதருக்கு சிபில் கொடுத்த மார்க், மைனஸ் ஒன்று. கடனே வாங்காதவனுக்குக் கடன் வாங்கத் தகுதியில்லை. இதைப் புரிந்துகொள்ள எம்.பி.ஏ. படிக்க வேண்டும். படித்தவர்கள் புரிந்துகொண்டு வேலை பார்க்கிறார்கள்.

வருமானச் சான்று கேட்டார்கள். மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’ என்று சேர, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வங்கிக்கோ, டியூ கட்டுகிற அளவுக்கு வருமானம் இருக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். வங்கியில் ஏழை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். காலையில் ஒரு சான்றிதழ், மத்தியானம் ஒரு சான்றிதழ், ஆள் ஒருத்தன்.

அந்தத் திட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2015 ஜூன் 25-ல் தொடங்கினார்கள். 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்றார்கள். 2022 வந்தது, வீடு வரவில்லை. கெடுவை 2024 டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2024-ல் அதே திட்டத்துக்கு 2.0 என்று பெயர் வைத்து இன்னும் ஒரு கோடிக் குடும்பங்களுக்கு வீடு என்றார்கள். அனைவருக்கும் கொடுத்து முடித்த பிறகு இந்த ஒரு கோடிப் பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் வளர்ச்சிக்கு எதிரி.

நம்ம மாநிலமும் சளைத்ததில்லை. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-ல் ஆட்சி மாறியது. 300 சதுர அடியில், சோலார் விளக்கோடு, 1.80 லட்சம் ரூபாயில் பசுமை வீடு வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், குடிசை இல்லாத் தமிழ்நாடு. 1970-ல் பிறந்த குடிசை மாற்று வாரியத்தை 2021-ல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆக்கினார்கள். குடிசையை மாற்றுவதைவிட வாரியத்தின் பெயரை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடிக்க ஐம்பத்தோரு வருஷம் ஆயிற்று.

வீடு கட்டிக்கொள்ள மானியம் உண்டு. மறுக்கவில்லை. சொந்தமாக மண் இருந்தால் உண்டு. பட்டாவைக் காட்டு, பணத்தை வாங்கு. மண் இல்லாதவன்? அவன் முதலில் மண் வாங்கிவிட்டு வரட்டும். கோவையில் சென்ட் என்ன விலை என்று ஒரு புரோக்கரிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். வாங்கினாலும் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் மண்ணுக்கு 90 ஆயிரம் அரசாங்கத்துக்கு. செங்கல் ஒன்று வைப்பதற்கு முன்பே, நம்ம ஆட்டோக்காரரின் கிட்டத்தட்ட முழு வீட்டுச் செலவும் பதிவு அலுவலகத்திலேயே முடிந்துவிடும். ஒரு சென்ட்டில் அந்த ஆட்டோ வீட்டைப் பன்னிரண்டு நிறுத்தலாம் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

சக்கரத்தின் மேல் வீடு கட்டுவது இந்த வட்டாரத்துக்குத் தெரியாத வித்தையா? லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல். பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கரூர். போர் போடும் ரிக்குக்குத் திருச்செங்கோடு. வெறும் சேஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், படுக்கும் பலகை முதல் சாமி படத்துக்கு மாடம் வரை வைத்து அனுப்புவார்கள். மாதக்கணக்கில் வடக்கே சுற்றும் டிரைவர் அதில்தான் தூங்குகிறார், அதன் ஓரத்தில்தான் ஸ்டவ் பற்ற வைத்துச் சோறாக்குகிறார். அந்த வீட்டுக்குக் கடன் தாராளமாக உண்டு. டயருக்குக்கூடத் தனியாக ஃபைனான்ஸ் உண்டு. பின்னால் பத்து டன் பாரம் ஏற்றிக்கொண்டு முன்னால் தூங்கினால் கடன். தூங்குவதற்காக மட்டும் தூங்கினால் கிடையாது.

இன்னொரு வகையும் கோவையில் கட்டுகிறார்கள். அதற்கு நாமக்கல் போகத் தேவையில்லை. தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகளில் தவறாமல் படம் வரும்: ‘கோவையில் தயாராகும் பிரச்சார வாகனங்கள்’. பல வருஷமாக இந்த ஊர் அதற்குப் பேர்போனது. தலைவர் நிற்க மேலே எழும் மேடை. களைத்தால் சாயச் சுழல் நாற்காலி. ஏசி, படுக்கை, கழிப்பறை, ராத்திரியில் முகம் தெரிய ஒளிவெள்ள விளக்கு. படுக்க இடம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மேலே மொட்டைமாடி மாதிரி ஒன்றும் இருக்கிறது. ஆட்டோக்காரர் காட்டிய அதே படம்தான், கொஞ்சம் கொழுத்திருக்கிறது. அனுமதி வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். மறுக்கவில்லை. அவர்கள் கேட்டால் அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

இந்த மரபுக்கு வயசாகிவிட்டது. ஆந்திரத்தில் என்.டி. ராமாராவ் ஒரு பழைய செவ்ரலே வேனை மாற்றி, சைதன்ய ரதம் என்று பெயர் வைத்து, அதிலேயே தூங்கி, ரோட்டோரம் குளித்து ஊர் ஊராகச் சுற்றினார். 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். ரோட்டோரம் குளித்து முதலமைச்சர் ஆனவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மற்றபடி ரோட்டோரம் குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் கேஸ் போடுவதுதான் வழக்கம்.

செலவுக் கணக்கு? சட்டசபை வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். நட்சத்திரப் பேச்சாளர் ஊர் சுற்றும் செலவு அந்தக் கணக்கில் வராது. கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. நம்ம ஆட்டோக்காரருக்கு உண்டு. ஆண்டுக்கு 3 லட்சம். ஒரு ரூபாய் தாண்டினாலும் அவர் நலிந்தவர் இல்லை.

இதற்கு மேலும் எரிச்சல் வேண்டுமானால் வாளையாறு தாண்டுங்கள். அங்கே கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலா தொடங்கியது. சுற்றுலாக்காரர்கள் படுத்துக்கொண்டே ஊர் பார்க்கப் படுக்கை, சமையலறை, குளியலறையோடு வண்டி. முதலில் வரும் 100 முதலீட்டாளர்களுக்கு வண்டி விலையில் 15 சதவீதம், அதிகபட்சம் ஏழரை லட்சம் ரூபாய் மானியம். மூணாறில் பனி பார்க்கப் போகிறவர் படுக்கும் சக்கர வீட்டுக்கு ஏழரை லட்சம் வரை. வீடே இல்லாதவன் சொந்த மண்ணில் கட்டும் நகர்ப்புற வீட்டுக்கு மத்திய அரசு தருவது ஒன்றரை லட்சம். இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு? 2019-லேயே சலுகை கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டாலும், வராத வாடகைக்கு வரி கேட்க மாட்டோம் என்றார்கள். வீட்டைப் பூட்டி வைக்கிறவனுக்குச் சலுகை. பூட்ட ஒரு கதவு கேட்பவனுக்கு எஃப்.சி.

வங்கி கைவிட்டால் என்ன, தனியார் ஃபைனான்ஸ் இருக்கிறதே. அங்கேயும் போனோம். காப்பி கொடுத்தார்கள். வங்கியில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “வீடோ வண்டியோ எங்களுக்கென்னங்க, ஆட்டோ ஆர்.சி.யைக் கொடுங்க, ரெண்டு ஜாமீன் போடுங்க. ஒரு ரூபா வட்டிதானுங்க.”

ஒரு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். வங்கி மாதிரிதானே இருக்கிறது என்று நம்ம ஆளுக்கு முகம் மலர்ந்தது. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் கடன், 36 மாதம். மொத்த வட்டி 36 ஆயிரம். மாத டியூ 3,778 ரூபாய். மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அசல் கரைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டி மட்டும் முப்பத்தாறாவது மாதத்திலும் முழு லட்சத்துக்கே ஓடும். குறையும் அசலுக்கு வட்டி என்று வங்கி பாணியில் கணக்குப் பார்த்தால் இந்த ‘12’ உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். போதாததற்கு டாக்குமென்ட் சார்ஜ் என்று முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். காப்பியின் விலை இப்போது புரிகிறதா?

இது நம்மூர்த் திறமை மட்டும் என்று பெருமைப்பட வேண்டாம். நடமாடும் வீட்டின் தாய்நாடான அமெரிக்காவிலும் இதே கூத்துதான். பெயர்தான் நடமாடும் வீடு. ஒரு தடவை கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் அதற்கப்புறம் நகராது. அடியில் இருக்கும் மண்ணுக்கு மாத வாடகை கட்ட வேண்டும். மண்ணும் சொந்தமாக இருந்தால் வீட்டுக் கடன், குறைந்த வட்டி. வெறும் வீடு மட்டும் என்றால் அது அசையும் சொத்து, கூடுதல் வட்டி. உலகப் பணக்காரர் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 2003-ல் அந்த வீடுகளைக் கட்டும் கம்பெனியையே வாங்கியது. வீட்டைக் கட்டுவதும் அவர்களே, விற்பதும் அவர்களே, கடன் கொடுப்பதும் அவர்களே. நம்ம ஃபைனான்ஸ்காரர் இதைக் கேள்விப்பட்டால் பஃபெட் படத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேல் மாட்டுவார்.

ஊருக்குத் திரும்புவோம். சட்டத்துக்குச் சொத்து இரண்டு வகை என்றேன். கோவையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அசைக்கப்படும் சொத்து.

2016-ல் முதல் இருபது ஸ்மார்ட் சிட்டிகளில் ஒன்றாகக் கோவை தேர்வானது. குளங்களுக்கு நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, செல்ஃபி எடுக்க இடம் வந்தது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் என்று கரையோரம் பல வருஷமாகக் குடியிருந்தவர்கள் கண்ணுக்கு உறுத்தினார்கள். கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று ஊரின் மறுகோடிகளுக்கு அனுப்பினார்கள். குளம் வேண்டும், சுத்தமாக வேண்டும். நானும் சாயங்காலம் அங்கேதான் நடக்கிறேன், வெட்கத்தோடு. ஆனால் வாலாங்குளத்தை அறுத்துக்கொண்டு ரயில் போகிறது. சுங்கம் பைபாஸ் போகிறது. அதற்கெல்லாம் வளர்ச்சி என்று பெயர். கரையில் ஓர் ஓலைத் தடுக்கு இருந்தால் ஆக்கிரமிப்பு. டவுன்ஹாலில் பாத்திரம் தேய்த்தவள் மாடிக் குடியிருப்புக்குப் போய், பழைய வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவள் வீட்டுக்குச் சக்கரம் இல்லை. ஆனாலும் நகர்ந்துவிட்டது. ஆர்.டி.ஓ. தடுக்கவில்லை, எஃப்.சி. கேட்கவில்லை. 52-ஆவது பிரிவு அன்றைக்கு விடுமுறையில் இருந்தது.

மாடிக் குடியிருப்பு பக்காவானது என்பார்கள். சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 2021 ஆகஸ்ட்டில் பார்த்தோமே, கையால் தொட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. அதுவும் ஒரு வகை நடமாடும் வீடு. மெதுவாகச் சுவரைவிட்டு நடக்கிறது.

வெள்ளலூர் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே 168 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த பஸ் நிலையம் என்று தொடங்கினார்கள். தூண்கள் எழும்பின. ஆட்சி மாறியது. வேலை நின்றது. குடிசைக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், பஸ் வரவில்லை. வீடுகள் நகரும், பஸ்கள் நகராது. ஸ்மார்ட் சிட்டிக்கு வேறு விளக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

நம்ம ஆட்டோக்காரர் ஃபைனான்ஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடன் வாங்கவில்லை. “21 சதவீதம் கட்டறதுக்கு நான் என்ன கேனயனுங்களா” என்றார். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை, ஒரு நாள் வரை.

தேர்தல் சமயம். சிங்காநல்லூர் சிக்னலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். வெயில் தலையைப் பிளக்கிறது. மேளம், பட்டாசு, கொடி, அதற்குப் பின்னால் அது வந்தது. சன்னமாக ஏசி உறுமும் வேன். கண்ணாடிக்கு உள்ளே சோபா, சின்ன ஃப்ரிட்ஜ், திரை போட்ட படுக்கை. கூரை திறந்து தலைவர் மேலே எழுந்தார், கும்பிட்டார். ஒலிபெருக்கியில் வாக்குறுதிகள். வீடில்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வீடு என்ற இடத்தில் பட்டாசு கொஞ்சம் கூடுதலாக வெடித்தது.

ஆட்டோக்காரர் ஹேண்டில்பாரில் கையை ஊன்றி, வேனைத் தலையிலிருந்து டயர் வரை ஒரு பாடி கட்டுகிற மேஸ்திரி மாதிரி அளந்தார்.

“ஏனுங்க்ணா, இதுக்கு யாருங்க டியூ கட்டறாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் லத்தியால் எங்கள் ஆட்டோவின் முதுகில் தட்டினார். இங்கே வண்டி நிறுத்தக் கூடாதாம்.